பிள்ளைக்கு ஏத்த வண்டி

ராஜபாளையத்தில் சிமெண்டும் முறுக்குக் கம்பியும் விற்கும் சிவபாண்டிக்கு எந்தப் பொருளையும் எடையை வைத்துத்தான் மதிக்கத் தெரியும். கனமாக இருந்தால் நல்ல சரக்கு. லேசாக இருந்தால் டூப்ளிகேட். பெண் பார்க்கப் போன அன்றுகூட, மாரீஸ்வரி நீட்டிய பித்தளைத் தட்டைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டுத்தான் பெண்ணின் முகத்தைப் பார்த்தார் என்று அவருடைய மச்சான் ரத்தினம் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அப்படிப்பட்டவரின் மகள் சத்யப்பிரியா, பதினெட்டு முடிந்த கையோடு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, எட்டுப் போட்டுக் காட்டி, லைசென்ஸ் வாங்கிவிட்டாள். கிருஷ்ணன்கோவில் பக்கத்துக் காலேஜில் முதல் வருஷம். காலேஜ் பஸ் விடிவதற்குள் வந்து நிற்கும். லேப் முடிந்து வெளியே வந்தால் அது கிளம்பிப் போயிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, அடுத்த பஸ்ஸுக்கு நின்று, இருட்டியபிறகு வீடு வந்து சேருவாள்.

"எனக்கு ஒரு சின்னக் கார் போதும்ப்பா," என்றாள்.

சிவபாண்டிக்குப் பெருமை ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கேரளாவுக்குப் போகும் லாரிகளெல்லாம் அவர் கண்முன்னே வரிசையாக ஓடின. "வாங்கிருவோம் தாயி. ஆனா சேஃப்டி முக்கியம்," என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்தது அந்தச் சேஃப்டி. விருந்துக்கு வந்த சம்பந்தி மாதிரி, எழுந்து போவதாகத் தெரியவில்லை. காப்பி குடிக்கும்போது சேஃப்டி, கடையை அடைக்கும்போது சேஃப்டி. கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போன மாரீஸ்வரி ஒருநாள் தோசைத் திருப்பியோடு வெளியே வந்தாள்.

"கௌதமுக்குப் பதினாறு வயசுல பைக் வாங்கிக் குடுத்தீங்களே, அப்ப இந்தச் சேஃப்டி எந்த ஊருக்குப் போயிருந்துச்சு?"

கௌதம்ராஜ் மூத்தவன். லைசென்ஸ் இல்லாமலே தளவாய்புரம் வரைக்கும் ஒற்றைச் சக்கரத்தில் போய்க் காட்டுகிறேன் என்று கிளம்பி, தோள்பட்டை எலும்பை உடைத்துக்கொண்டு வந்தவன். இப்போது ஓசூரில் வேலை.

"அவன் ஆம்பளப் பிள்ளை. எலும்பு தானா கூடிரும்," என்றார் சிவபாண்டி.

"பொம்பளப் பிள்ளைக்குக் கூடாதாக்கும்," என்றுவிட்டு மாரீஸ்வரி தோசைக்குத் திரும்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கூட்டம் கூடியது. ரத்தினத்திடம் சொந்தமாக ஒரு மொபெட் தவிர வேறு வண்டி கிடையாது. ஆனால் செல்போனில் கார்கள் சுவரில் மோதி நொறுங்கும் வீடியோக்களை அவர் பார்த்த அளவுக்கு, அந்தச் சுவரைக் கட்டியவன்கூடப் பார்த்திருக்க மாட்டான். "மாப்பிள்ளை, வண்டிய மோத விட்டுப் பாத்து ஸ்டார் குடுக்குறாக. அஞ்சு ஸ்டாருக்குக் கொறஞ்சு வாங்காதீக. மூணு ஸ்டார்னா பொம்மைக்கே கழுத்துப் போயிருது," என்றார்.

சிவபாண்டியின் அக்கா பரிபூரணத்துக்கு ஸ்டாரில் நம்பிக்கை இல்லை. அவள் கவலை வேறு. "ஏலே, உள்ள யாரு உக்காந்துருக்கான்னு வெளியில தெரியக் கூடாது. கண்ணாடிய கறுப்பாக்கிரு. பிள்ளை தனியாப் போகுதுன்னு ஊருக்குத் தெரிஞ்சா அப்பறம் என்ன சேஃப்டி?"

"கறுப்பாக்குனா எனக்கும் வெளியில தெரியாது அத்தை," என்றாள் சத்யப்பிரியா.

"நீ என்னத்துக்கு வெளியில பாக்கணும்?" என்றாள் பரிபூரணம்.

அவ்வளவு நேரப் பேச்சில் ஓட்டப்போகிறவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் ஏற்கனவே ஒரு வண்டியைப் பார்த்து வைத்திருந்தாள். சின்ன வண்டிதான். நல்ல பிரேக், ஆறு ஏர்பேக், ரத்தினம் மாமா சொல்லும் ஸ்டாருக்கும் குறைவில்லை. ஓட்டியும் பார்த்திருந்தாள். உட்கார்ந்தால் நாலு மூலையும் கண்ணுக்குத் தெரிகிறது என்று சொன்னாள். சிவபாண்டி ஷோரூமுக்குப் போய் அந்த வண்டியின் கதவை விரல்முட்டியால் தட்டிப் பார்த்தார். தேங்காய் தட்டுகிற மாதிரி இன்னொரு தட்டு.

"தகரம்," என்றார்.

அங்கிருந்த விற்பனைப் பெண் பொறுமையானவள். கலர் காட்டட்டுமா என்று கேட்டாள்.

"கலரு கெடக்கட்டும். மோதுனா என்னாகும்?"

"சார், நல்ல நாள் பார்த்து வந்திருக்கீங்க..."

"சரி, இருக்குறதுலயே கனமான வண்டி எது?"

இத்தனை வருஷத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. மைலேஜ் கேட்பார்கள், தள்ளுபடி கேட்பார்கள். அவள் போய்ப் பெரிய சாரைக் கேட்டுவிட்டு வந்து, மூலையில் நின்ற ஒரு கறுப்பு வண்டியைக் காட்டினாள். ஏழு சீட்டு. நின்ற நிலையிலேயே யாரையோ மிரட்டுகிற மாதிரி இருந்தது. சிவபாண்டி தட்டினார். சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது.

"நான் ஒருத்தி போக ஏழு சீட்டாப்பா?"

"காலி சீட்டும் எடைதானே தாயி."

சத்யப்பிரியா சீட்டை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி உட்கார்ந்து பார்த்தாள். பானெட் முடியும் இடம் தெரியவில்லை. அதற்கு முன்னால் ரோடு எங்கே ஆரம்பிக்கிறது என்றும் தெரியவில்லை. "முன்னாடி ஒரு சின்னப் பிள்ளை நின்னா தெரியாதுப்பா," என்றாள்.

"நமக்குத் தெரியாட்டி என்ன, முன்னாடி நிக்கிறவுக வண்டியப் பாத்துக்கிருவாக. இம்புட்டுப் பெருசு வரும்போது எவன் ஒதுங்காம நிப்பான்?"

அந்த வண்டிக்கும் அஞ்சு ஸ்டார் இருந்தது. சரி, ஸ்டாராவது மிஞ்சியதே, பழகிக்கொள்ளலாம் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் ஸ்டாரைக் கொடுத்தவர்கள் ஒருநாளும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஷமீர் கடைப் பக்கம் வந்ததில்லை.

ஷமீர் கார்களுக்குச் சீட் கவர், மேட், கண்ணாடி ஸ்டிக்கர் போடுகிறவர். வாடிக்கையாளர் வாயைத் திறக்குமுன் அவர் ஆசையைப் படித்துவிடுவார். சிவபாண்டி வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்ததுமே, "முன்னாடி மொட்டையா இருக்கு அண்ணாச்சி. ஒரு பம்பர் கம்பி போட்டா சிங்கம் மாதிரி ஆயிரும்," என்றார்.

கம்பி என்றதும் சிவபாண்டியின் முகம் மலர்ந்தது. "எத்தன எம்.எம்.?"

சத்யப்பிரியா வண்டியோடு கொடுத்த புத்தகத்தை மடியில் விரித்து வைத்திருந்தாள். "அப்பா, முன்னாடி கம்பி போட்டா மோதுனது வண்டிக்கே சரியாத் தெரியாதாம். ஏர்பேக் விரியாமப் போயிருமாம். சட்டப்படியும் கூடாது."

"சட்டப்படி கூடாதுதான் தங்கச்சி. ஆனா எல்லாரும் போடுறாக," என்றார் ஷமீர், ரொம்ப மரியாதையாக.

"மோதுறதே கம்பியிலதான் மோதும். பொறவு ஏர்பேக் எதுக்கு?" என்றார் சிவபாண்டி.

கம்பி ஏறியது. பரிபூரணத்தின் உத்தரவுப்படி கண்ணாடியில் கறுப்பு ஸ்டிக்கர் ஏறியது. சீட்டுக்குத் தடித்த உறை தைத்து இறுக்கினார்கள். சீட்டின் விலாவில் இருக்கும் ஏர்பேக் அதற்குள் புதைந்துபோய்விடும் என்று அவள் இன்னொரு பக்கத்தை வாசித்தாள். "புத்தகம் வெளிநாட்டுக்காரனுக்கு எழுதுனது தாயி. நம்ம ஊரு வேர்வைக்கு உறை வேணும்," என்று பதில் வந்தது.

கடைசியாக ஷமீர் ஒரு சின்ன இரும்புக் கொக்கியை எடுத்துக் காட்டினார். பெல்ட் போடாமல் ஓட்டினால் வண்டி கீங்கீங் என்று கத்துமில்லையா, இதை பெல்ட் துவாரத்தில் செருகிவிட்டால் பெல்ட் போட்டதாக நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். சிவபாண்டிக்குத் தொந்தி கொஞ்சம் முன்னால் வந்துவிட்டதால் பெல்ட் என்றாலே ஆகாது. கொக்கியை வாங்கினார். மகளின் சேஃப்டிக்காகப் புறப்பட்ட மனுஷன், மகளின் வண்டியை ஏமாற்றுவதற்கும் சேர்த்துப் பணம் கட்டினார்.

இத்தனையும் முடிந்தபின் சாவி சத்யப்பிரியா கைக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "புது வண்டி. ஒரு ரெண்டு மாசம் என் கையில பழகட்டும்," என்றார் சிவபாண்டி. அவள் பழையபடி விடிவதற்குமுன் எழுந்து காலேஜ் பஸ்ஸைப் பிடித்தாள். வண்டி கடைக்கும் வங்கிக்கும் பழகியது. ஒரு நாள் கல்யாண வீட்டுக்கும் பழகியது. "பிள்ளைக்கு வாங்குனதாக்கும்," என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னார். சத்யப்பிரியாவுக்கு ஆத்திரம் வந்ததுதான். சண்டை போட்டால் சாவி இன்னும் ஆறு மாசம் பழகப் போய்விடும் என்று தெரிந்திருந்ததால் வாயைத் திறக்கவில்லை.

ஒரு லீவு நாளில் ஆலங்குளத்துக்கு ஒரு கான்ட்ராக்டரைப் பார்க்கக் கிளம்பினார் சிவபாண்டி. "வா தாயி. போகும்போது நான் ஓட்டுறேன், நீ பாத்துப் படி. வரும்போது நீ ஓட்டு," என்றார். அவள் பக்கத்தில் ஏறி பெல்ட்டைப் போட்டாள். அவர் கொக்கியைச் செருகினார்.

மழையை நம்பிக் கிடக்கும் காட்டுக்கு நடுவே ரோடு நேராகப் போனது. வண்டி ஒன்றுமில்லாத இடத்தில் சிவபாண்டிக்குப் போதிக்க ஆசை வந்தது. கிளட்ச், கியர் எல்லாம் முடிந்து முக்கியமான பாடத்துக்கு வந்தார். "எல்லாத்துலயும் பெருசு ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ," என்று முழுசாக மகள் பக்கம் திரும்பினார். "ரோட்ட விட்டுக் கண்ண எடுக்கவே கூடாது. ஒரு நிமிஷம்கூட..."

"அப்பா, ஆடு," என்றாள் சத்யப்பிரியா.

ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு மந்தை கடந்துகொண்டிருந்தது. சிவபாண்டி பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டீயரிங்கை ஒடித்தார். நல்ல வண்டி. சொன்னபடி கேட்டது. ஓரத்தில் ரோடு போடக் குவித்திருந்த ஜல்லியில் மூக்கை நுழைத்து நின்றது. வண்டி நின்றுவிட்டது, சிவபாண்டி நிற்கவில்லை. இருந்த வேகத்தில் முன்னால் போய் ஸ்டீயரிங்கில் முகத்தை இடித்தார். ஊன்றிய வலது மணிக்கட்டு மடங்கியது. பெல்ட் போட்டிருந்தவளுக்குத் தோளில் ஒரு இழுவை, அவ்வளவுதான். ஏர்பேக் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை.

ஆட்டுக்காரி சுடலையம்மாள் கம்போடு வந்து, கறுப்புக் கண்ணாடிக்குள் யாரென்று தெரியாமல் கண்ணாடியைத் தட்டினாள். கதவு திறந்து ரத்தம் வழியும் மூக்கோடு ஒருவர் எட்டிப் பார்த்தும் அவளுக்கு இரக்கம் வரவில்லை.

"இம்புட்டுப் பெரிய வண்டியில உக்காந்துருக்கீக, இம்புட்டு ஆடு கண்ணுல படலையா?"

"ஆட்ட ரோட்டுல விட்டா?" என்றார் சிவபாண்டி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

"ரோட்டுல போகாம ஆகாசத்துலயா போகும்?"

சத்யப்பிரியா இறங்கி, ஆடுகளுக்கு ஒன்றுமில்லை என்று பார்த்து, ஆட்டுக்காரியிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டு, அப்பாவைத் தாங்கிப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து பெல்ட்டை மாட்டினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். பானெட்டுக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியாததால், மறுபடி இறங்கி ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, வண்டியைப் பின்னால் எடுத்தாள். ஆலங்குளத்தை விட்டுவிட்டு ராஜபாளையம் ஆஸ்பத்திரியைப் பார்த்துத் திருப்பினாள்.

துண்டை மூக்கில் அமுக்கிக்கொண்டிருந்தாலும் சிவபாண்டி வழியெல்லாம் சொல்லிக்கொடுப்பதை விடவில்லை. "ஹாரன் அடி. கியர மாத்து. மெதுவாப் போ... ஏத்தா, வேகமாப் போ, வலிக்கிது." அவள் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஓட்டினாள். டவுன் நெரிசலிலும் யார் மேலும் உரசாமல் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். இறங்குமுன் அவர் மறக்காமல் சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்டு, மூக்குக்குப் பஞ்சு வைத்துப் படுக்கவைத்தார்கள். சொந்தபந்தம் திரண்டு வந்தது. ரத்தினம் வண்டியைச் சுற்றிப் பார்த்து, கம்பி லேசாகக் கோணியிருப்பதைச் செல்போனில் படம் பிடித்தார். பரிபூரணம் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"சாமி புண்ணியம். இதே வண்டிய பிள்ளை ஓட்டியிருந்தா என்னாயிருக்கும்?"

"நெனச்சாலே நடுங்குது," என்றார் ரத்தினம்.

"நல்ல வேளை, நான் ஓட்டுனேன்," என்றார் சிவபாண்டி.

மாரீஸ்வரி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். "காப்பி வாங்கிட்டு வருவோம் வாட்டி. இங்க நின்னா எனக்கு ரத்தக் கொதிப்பு வந்துரும்," என்று கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். போகிற வழியில் கணவரின் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்திருந்த கார் சாவியை மகள் கையில் திணித்தாள். "உங்கப்பா கட்டு அவுக்க ஒன்றரை மாசமாம். அதுவரைக்கும் யாரும் கேக்க முடியாது," என்றாள்.

திங்கட்கிழமை சத்யப்பிரியா வண்டியிலேயே காலேஜுக்குப் போனாள். திரும்பும்போது ஷமீர் கடையில் நிறுத்தினாள். கம்பி, ஸ்டிக்கர், உறை எல்லாவற்றையும் கழற்றச் சொன்னாள். "போடுறதுக்கு மட்டுமில்ல, கழட்டுறதுக்கும் கூலி உண்டு தங்கச்சி," என்றார் ஷமீர். அவருக்கு இரண்டு பக்கமும் லாபம்தான். முன்னாலும் பின்னாலும் தெரிகிற மாதிரி ஒரு கேமராவும் போடச் சொன்னாள். சீட்டில் வைக்க ஒரு தடித்த மெத்தை வாங்கினாள். வண்டி பெரிதுதான், அவளுக்கு ஏற்றதில்லைதான். ஆனால் இப்போது ரோடு தெரிந்தது.

வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சிவபாண்டி, மொட்டையாக வந்து நின்ற வண்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"அந்தக் கம்பி எங்க?"

"எடைக்குப் போட்டுட்டேன்ப்பா."

திட்டப் போகிறார் என்று அவள் நின்றாள். "கிலோ என்ன ரேட்டுக்கு எடுத்தான்?" என்றார். சொன்னாள். "ஏமாத்திட்டான்," என்று வருத்தப்பட்டார்.

கடையில் வந்தவர்களிடம் மகளுக்குத் தானே பக்கத்தில் உட்கார்ந்து ட்ரெயினிங் கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டார். அதுவும் ஒருவகையில் உண்மைதான். கட்டுப் போட்ட கையோடு எங்கே போவதென்றாலும் அவள்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பெல்ட் போட்டால்தான் கிளம்பும் என்றாள். முதல்நாள் முறைத்தார், இரண்டாம்நாள் தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு போட்டார். லாரி எதிரே வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்தது.

ஒரு சனிக்கிழமை வ. புதுப்பட்டியில் கட்டட மேஸ்திரி ஒருவரைப் பார்க்கப் போனார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டும்போது பரிபூரணம் போன் பண்ணினாள். ஸ்பீக்கரில் குரல் வண்டி முழுக்க நிறைந்தது.

"ஏலே சிவா, நம்ம பாண்டீஸ்வரி வீட்டுக்காரருக்கு வேலை இல்லையாம். நல்ல டிரைவரு. கண்ணு மட்டும் கொஞ்சம் மங்கல். பிள்ளைக்கு அவர போட்டுருவோமா? நீ இப்ப எங்க இருக்க?"

சிவபாண்டி மகளைப் பார்த்தார். அவள் முன்னால் போன டிராக்டரைக் கடக்கக் கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கேன். பொறவு பேசுறேன்," என்று சொல்லி, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்தபடி இடது கையால் போனை அணைத்தார்.