சங்கக் கட்டடத்து ஓடுகள்

1957இல் சுருட்டுத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது, மானிப்பாய்ப் பக்கத்துக் கொட்டில்களில் வேலை செய்த எல்லோரும் வாரம் பத்துச் சதம் சந்தா கட்டினார்கள். புகையிலை நரம்பு கிழிக்கும் நல்லம்மா, கூலி கிடைக்காத வாரத்திலும் கைமாற்று வாங்கிக் கட்டினாள். சங்கத்தில் நல்ல பணம் சேர்ந்தது. பத்து வருடம் கழித்துத் தலைவர் அருட்பிரகாசம் அதைக் கொண்டு சந்தியில் ஒரு கட்டடம் எழுப்பினார். ஓட்டுக்கூரை, மின்விசிறி, மேசை நாற்காலி. திறப்பு விழாவில் நல்லம்மாவும் கைதட்டினாள்.

1970இல் முதலாளிமார் கூலியைக் குறைத்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியது. மூன்றாவது வாரம் நல்லம்மா வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவள் சங்கக் கட்டடத்தில் இருந்த தலைவரிடம் போனாள்.

"பிள்ளையள் பட்டினி, ஐயா. சங்கக் காசிலை அரிசிக்கெண்டாலும் ஏதும் தாருங்கோ."

"காசு எங்கை இருக்கு? எல்லாம் இந்தக் கட்டடத்திலை போட்டாச்சு. இது எங்கடை சொத்தெல்லோ."

"சொத்தைச் சட்டியிலை போட்டுக் காய்ச்சலாமோ?"

அருட்பிரகாசம் சிரித்தார். "உதெல்லாம் உனக்கு விளங்காது, நல்லம்மா."

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. வெளியே வந்தாள். வாசலில் பசியோடு குந்தியிருந்த தொழிலாளர்களிடம் நடந்ததைச் சொன்னாள்.

"இனி என்ன செய்யிறது, அக்கா?" என்று சுருட்டுச் சுற்றும் ஏரம்பு கேட்டான்.

"கூரை ஓட்டைக் கழட்டுங்கோ."

ஒருவரும் அசையவில்லை. பக்கத்து வளவிலிருந்து ஏணியை அவளே இழுத்து வந்து சுவரில் சாத்தினாள். அதன்பிறகுதான் ஏரம்பு ஏறினான். மற்றவர்கள் கீழே வரிசையாக நின்று ஓடுகளைக் கைமாற்றினார்கள்.

"பொலிசைக் கூப்பிடுவன்!" என்று அருட்பிரகாசம் கத்தினார்.

"கூப்பிடுங்கோ! ஆருடைய காசிலை மேஞ்ச ஓடெண்டு அவங்களுக்கும் சொல்லுவம்" என்றாள் நல்லம்மா.

பொலிஸ் வரவில்லை. ஓடுகளையும் விசிறிகளையும் கொடிகாமத்து வியாபாரி ஒருவர் விலைக்கு வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். அந்தக் காசில் அன்று பின்னேரமே வீட்டுக்கு வீடு அரிசியும் மாவும் போயின. அதை வைத்துத் தொழிலாளர்கள் மேலும் ஒரு மாதம் தாக்குப்பிடித்தார்கள். கடைசியில் முதலாளிமார் இறங்கி வந்து, குறைத்த தொகையில் பாதியைக் கூலியில் மறுபடி சேர்க்கச் சம்மதித்தார்கள்.

அடுத்த கூட்டம் கூரையில்லாத மண்டபத்தில் வெயிலில் நடந்தது. அருட்பிரகாசம் வரவில்லை. தலைவராகத் தெரிவான ஏரம்பு, இனிச் சேரும் சந்தா வேலைநிறுத்தக் காலத்துச் சோற்றுக்கு மட்டுந்தான் என்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

நல்லம்மா மட்டும் கைதட்டவில்லை. அவளுடைய கோபம் ஆறியிருக்கவில்லை. எழுந்து நின்று கேட்டாள்:

"மிச்சப் பாதிக்கு எப்ப போராட்டத்திலை இறங்கிறம்?"