கிளறா கேட்ட கொறோனா

கொறோனா என்றால் ஊருலகத்துக்கு நோய். என் மனிசி றோசமலருக்கோ அது செபமாலை. பலெர்மோவில் அவள் இத்தாலிய மொழி பழகியது கோயிலில், அங்கே செபமாலையை அப்படித்தான் சொல்வார்கள். எங்கள் மகள் கிளறா கேட்டதோ முடி. பட்டம் பெறுகிற பிள்ளையின் தலையில் வீட்டார் வைக்கிற இலைமுடி.

"அம்மா, நாளைக்கு கொறோனா மறக்காமல் கொண்டு வாங்கோ."

"அதை மறப்பனே பிள்ளை?" என்றாள் இவள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், புத்தி எங்கே மேய்ந்ததோ!

மறுநாள் பல்கலைக்கழகத்தில் கிளறா தன் ஆய்வைச் சொன்னாள். பழைய ரோமர் தலையில் சூடிய முடிகளைப் பற்றியது. போரில் ஓர் உயிரைக் காத்தவனுக்குப் பொன்முடி இல்லை, ஓக் இலைமுடிதான். பிழைத்தவனே அதைத் தன் கையால் சூட்டுவான். அதைச் சூடியவன் அவைக்குள் வந்தால் பெரிய பிரபுக்களும் எழுந்து நிற்பார்கள். என் பிள்ளையா இது என்று வாய் பிளந்து கேட்டேன்.

முற்றத்துக்கு வந்தபோதுதான் விளங்கியது. மற்றப் பிள்ளைகளின் தலையெல்லாம் பச்சை இலை, சிவப்பு நாடா. றோசமலரின் கையில் செபமாலை. என் பிள்ளை மட்டும் வெறுந்தலை.

"உன்ரை காதுக்கு எல்லாம் செபம்தான்!" என்று சீறிவிட்டுப் படிக்கட்டில் குந்தினேன்.

அவள் அழுதுவிட்டாள். "ஓடிப்போய் இலைமுடி வாங்கிக்கொண்டு வாறன் பிள்ளை."

கிளறா அவளை மறித்துச் செபமாலையை வாங்கிப் பார்த்தாள். "நந்திக்கடல் தாண்டேக்கை உங்கடை கழுத்திலை கிடந்தது இதுதானே?"

"ஓம்."

கடைசிச் சண்டை நடந்த அந்த வருடம் நான் இங்கே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தேன். குண்டு விழ விழ, கழுத்தளவு தண்ணீரில், ஆறு வயதுக் கிளறாவைத் தோளில் சுமந்து நடந்தவள் அவள். நான் அதைப் போனில் கேட்டவன் மட்டும்தான்.

"குனியுங்கோ அம்மா."

"இதைத் தலையிலை வைக்கிறேல்லைப் பிள்ளை."

"பிழைச்ச ஆள்தானே வைக்கவேணும்."

சிலுவையை முத்தமிட்டு, தாயின் தலையைச் சுற்றி மாலையை வைத்தாள். சிலுவை நெற்றியில் வந்து நின்றது. தினமும் பார்க்கிற முகம்தான், அன்றைக்கு நிமிர்ந்து பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

படிக்கட்டில் குந்தியிருந்த நான் எழுந்து நின்றேன்.