வெந்நீர் வேண்டாம்

"குளிக்கமாட்டேன்!"

ரேணுகாதேவி போட்ட சத்தத்தில் அக்கா சொர்ணத்தாயின் கையிலிருந்த செம்பு நழுவித் தரையில் உருண்டது.

மணி எட்டு ஐம்பது. பத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். தாமதித்தால், ரேணுகாவின் உடம்பிலிருக்கும் சாட்சி கரைந்து போய்விடலாம்.

"பச்சத்தண்ணி இல்லட்டி, வென்னிதான் போட்டிருக்கேன். தலைக்கு ஊத்துனா எல்லாம் போயிரும்."

"போகக்கூடாதுன்னுதான் சொல்லுதேன்!"

நேற்று சனிக்கிழமை. ரேணுகா வேலை பார்க்கும் மதுரைக் கம்பெனி, ஓட்டல் மொட்டைமாடி பாரில் டி.ஜே. பார்ட்டி வைத்தது. அவள் கேட்டது இனிப்பு லைம் சோடா. டீம் லீடர் ஹரிஹரசுதன் தானே எடுத்துவந்து நீட்டினான். முதல் மடக்கிலேயே கரித்தது. குளத்தூர் உப்பளத்துக்காரர் மகளுக்கு உப்பின் ருசி தெரியாதா? இது வேறு கரிப்பு. ஆனாலும், சோடாவில் உப்புப் போடுவது எங்கும் உள்ளதுதானே, ஆர்டர் மாறிவிட்டது போல என்று நினைத்துக் குடித்துவிட்டாள். அப்போது மணி பத்து.

அதன்பிறகு இருட்டு. விடிகாலை ஐந்துக்கு ஓட்டல் அறை ஒன்றில் தனியாகக் கண் விழித்தாள். என்ன நடந்தது என்று நினைவு சொல்லவில்லை. உடம்பு சொன்னது.

அக்கா வீடு ஒன்றுதான் மனதில் நின்றது. கோவில்பட்டி பஸ்ஸில் ஏறினாள். சாத்தூர் தாண்டும்போதுதான் தலை தெளிந்தது. கல்லூரியில் ஒரு டாக்டர் பேசியது ஞாபகம் வந்தது. 'குளிக்காதீங்க. துணியைத் துவைக்காதீங்க. முதல்ல போற சிறுநீரை டெஸ்ட்டுக்குக் குடுங்க. சில மருந்து பன்னிரண்டு மணி நேரத்துல தடயமில்லாம போயிரும்.'

அப்போதிருந்து அடக்கிக்கொண்டிருக்கிறாள். வேகத்தடை ஒவ்வொன்றிலும் உயிர் போய் வந்தது.

ரேணுகா மாற்றிப் போட்டிருந்த சுடிதாரை அக்கா சோப்புத்தண்ணீர் வாளிக்குக் கொண்டுபோனாள். ரேணுகா பாய்ந்து பறித்தாள்.

"இதைப் பேப்பர்ல சுத்து. பாலிதீன் பை வேண்டாம், புழுங்கித் தடயம் கெட்டுரும்."

"ஏட்டி, உங்க அத்தான் மத்தியானம் சாப்பிட வருவாவ. அவியட்ட என்ன சொல்லட்டும்? தங்கச்சி பாருக்குப் போயிட்டு வந்திருக்கான்னா?"

"சொல்லு. அங்கன அவளுக்கு எதையோ கலக்கிக் குடுத்துட்டான்னும் சேத்துச் சொல்லு."

போன் அதிர்ந்தது. ஹரிஹரசுதன்!

'நேத்து ஓவரா குடிச்சுட்ட. நான்தான் ரூம்ல படுக்க வச்சேன். ஆபீஸ்ல யார்ட்டயும் சொல்லமாட்டேன், பயப்படாத.'

சொர்ணத்தாய் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள்.

"குடிச்சியாட்டி?"

"சோடா."

"சத்தியமா?"

"நான் பீப்பாய் பீப்பாயா குடிச்சிருந்தாலும், அவன் செஞ்சது சரியாயிருமாக்கா?"

சொர்ணத்தாய் வெந்நீரை இறக்கிவைத்தாள். அடுப்பை அணைத்தாள். சுடிதாரைத் தினத்தாளில் சுற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தெருமுனை ஆட்டோவைக் கைதட்டி அழைத்தாள்.

"அண்ணாச்சி, பெரியாஸ்பத்திரி. வேகமாப் போங்க. குலுங்காமப் போங்க."

"வேகமாவும் போகணும், குலுங்கவும் கூடாதா? இது ஆட்டோம்மா, ஏரோப்ளேன் இல்ல," என்றார் ஓட்டுநர் சுடலைக்குமார். கண்ணாடியில் ரேணுகாவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். பள்ளம் ஒவ்வொன்றிலிருந்தும் வண்டியை ஒடித்து விலக்கினார்.

ஒன்பது முப்பத்தெட்டு. டாக்டர் பொன்மணியின் அறை.

"போலீஸ் சீட்டு வாங்கிட்டு வரணுமாம்மா?" சொர்ணத்தாய் கேட்டாள்.

"வேண்டாம். பரிசோதனைதான் முதல்ல, அதுவும் இவங்க சம்மதிச்சா. ஸ்டேஷனுக்கு நாங்க தகவல் சொல்லிருவோம். நடந்தது மதுரைன்னாலும் இங்கேயே புகார் கொடுக்கலாம்." டாக்டர் ரேணுகாவிடம் திரும்பினார். "நீங்க மயக்கமா இருந்தப்போ நடந்தது எதுக்கும் நீங்க பொறுப்பில்ல. சம்மதமா?"

"சம்மதம். மொதல்ல பாட்டில் குடுங்க டாக்டர். தாங்கல!"

நர்ஸ் சிரிப்பை அடக்கியபடி ஓடினாள். பாட்டிலுக்கு அரக்கு முத்திரை விழுந்தது. சீட்டில் நேரம்: 9.46.

"பத்து தாண்டியிருந்தா அவ்வளவுதானா டாக்டர்?"

"இல்ல. மறுநாள் வந்தாலும் வரணும். ரத்தம், துணி, இன்னும் வழி இருக்கு. சீக்கிரம் வந்தா நல்லது, அவ்வளவுதான். அந்த மெசேஜை அழிச்சிராதீங்க."

"அழிக்கவா? ரூம்ல படுக்க வச்சது தான்தான்னு அவனே எழுதிக் குடுத்திருக்கானே!"

உடன் வந்தவர் என்ற இடத்தில் சொர்ணத்தாய் பேனாவை அழுத்திப் பெயரெழுதினாள். முந்தானைக்குள் அவள் போன் அலறியது.

"ஆமா, நான்தான். மத்தியானம் சோறு ஆக்கல... நம்ம ரேணுகாவுக்கு ஒருத்தன் மருந்து கலக்கிக் குடுத்து நாசம் பண்ணியிருக்கான். நீங்க கெளம்பி நேரா ஸ்டேஷனுக்கு வந்திருங்க... எந்த ஸ்டேஷனா? ரயிலேறவா கூப்பிடுதேன்? போலீஸ் ஸ்டேஷனுக்கு!"