கன்னியம்மாவின் கழித்தல்

ஞானஜோதி டீச்சர் வகுப்பில் தப்புக் கணக்குக்கு ஆயுசு ஒரு நிமிஷம்தான். இரும்புலியூர்ப் பள்ளிக்கூடத்தின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கைப் போட்டுக்கொண்டு சிலேட்டும் கையுமாய் வரிசையில் வந்து நிற்பார்கள். விடை சரியென்றால் சாக்பீஸால் ஒரு டிக். தப்பென்றால் சிலேட்டை அடைத்து ஒரு பெருக்கல் குறி, தலையில் ஒரு குட்டு. "போ, அழிச்சிட்டு மறுபடியும் போடு!"

தப்பு சிலேட்டில் தங்கினால் தலையிலும் தங்கிவிடும் என்பது அவள் கட்சி. டிரெயினிங் ஸ்கூலில் யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் வந்த இன்ஸ்பெக்டரும் பளபளவென்றிருந்த சிலேட்டுகளைப் பார்த்துச் சபாஷ் போட்டுவிட்டுப் போனார். அப்புறம் கேட்க வேண்டுமா!

அழிப்பதில் கன்னியம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. பாவாடை மடிப்பில் எப்போதும் கோவை இலை வைத்திருப்பாள். பெருக்கல் குறி விழுந்த மறுகணம் சிலேட்டைத் துடைத்துக் கருகருவென்று ஆக்கிவிடுவாள். ஆனால் கழித்தல் கணக்கு மட்டும் அவளுக்குப் படியவில்லை. ஒரு நாள் எல்லாம் சரியாக இருக்கும், மறுநாள் எல்லாம் தப்பாக இருக்கும். 'கவனம் கிடையாது, அவ்வளவுதான்' என்று ஞானஜோதி முடிவு கட்டிவிட்டாள். நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது விடையைப் பார்க்கத்தான் நேரம் இருந்தது. அது எப்படி வந்தது என்று பார்க்க யாருக்கு நேரம்?

முழுப் பரீட்சைக்கு முன்னால் கன்னியம்மாவின் அம்மா லோகநாயகி வந்தாள். புதுசாய் எழும்பிக்கொண்டிருந்த காலனிகளில் சித்தாள் வேலை பார்ப்பவள். இடுப்பில் கன்னியம்மாவின் தம்பி, ஒன்றரை வயசுப் பையன்.

"டீச்சர், இந்தத் தபா பாஸாவலன்னா நிறுத்திருவேன். கொயந்தைய இது பாத்துக்கினா நான் நிம்மதியா வேலைக்குப் போவேன். படிப்பு வருதா இல்லியா, நீங்களே சொல்லுங்க."

"மத்ததெல்லாம் பரவாயில்லம்மா. கணக்கு மட்டும் அவ மண்டையில ஏறாது."

சொல்லும்போது அது உண்மையென்றே ஞானஜோதி நம்பினாள். பரீட்சையிலும் விடை தப்பு, மார்க்கு முட்டை. மறுபேச்சில்லாமல் ஃபெயில் போட்டாள். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது கன்னியம்மா வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, கூட வேலை பார்க்கும் ரத்தினபாய் பீர்க்கன்கரணையில் வீடு கட்டுகிறாள் என்று பார்க்கப் போனாள் ஞானஜோதி. பூசி முடித்த பின்சுவரைச் சுற்றி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மணல் குவியல் மேல் கன்னியம்மாவின் தம்பி சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். அவன்தான் வகுப்பு. கன்னியம்மா கையில் குச்சியோடு டீச்சராக நின்றாள். சுவரில் கரிக்கட்டையால் வரிசையாகக் கழித்தல் கணக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்.

ஐம்பத்திரண்டில் முப்பத்தேழு போக இருபத்தைந்து. நாற்பத்தொன்றில் பதினெட்டு போக முப்பத்தேழு. அறுபத்துமூன்றில் இருபத்தொன்பது போக நாற்பத்தாறு.

ஒன்றுகூடச் சரியில்லை. ஆனால் எல்லாம் ஒரே மாதிரி தப்பு. ஒரு வருஷமாக அழிந்து அழிந்து போனது இப்போது மொத்தமாய் ஒரே சுவரில் நின்றது.

"இது எப்படி இருபத்தஞ்சு ஆச்சு?" முதல் கணக்கைத் தொட்டுக் கேட்டாள்.

கன்னியம்மா குச்சியைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "ரெண்டுலேருந்து ஏழு போவாது. அதனால ஏழுலேருந்து ரெண்ட எடுத்துட்டேன். நீங்கதான சொன்னீங்க டீச்சர், எப்பவும் பெரிசுலேருந்துதான் சின்னதக் கழிக்கணும்னு."

சொன்னாள்தான். வகுப்பின் முதல் வாரத்தில், அடித்து அடித்துச் சொன்னாள். பக்கத்தில் கடன் வாங்கிக் கழிப்பதைப் பிறகு நடத்தியபோது, அந்தப் பழைய பேச்சு இதற்குச் செல்லாது என்று சொல்லத் தோன்றவில்லை. கடன் வாங்கத் தேவையில்லாத கணக்கென்றால் இந்தப் பெண் சரியாகப் போடுவாள். மற்ற நாளெல்லாம் டீச்சர் சொல்லைத் தட்டாததற்குக் குட்டு வாங்கியிருக்கிறாள். ஒரே ஒரு தரம் 'எப்படிப் போட்டே?' என்று கேட்டிருந்தால் போதுமே! கால் மணி நேரத்து வேலை. பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டாள்.

தலையில் செங்கல் சுமையோடு வந்த லோகநாயகியிடம் ஓடினாள்.

"திங்கக்கிழமையே அனுப்புங்கம்மா. ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்லி நாலாவதுல உக்கார வைக்கிறேன். அவளுக்குக் கணக்கு வரும். நான்தான் பார்க்கல."

லோகநாயகி செங்கலை இறக்கவில்லை. "இப்ப வரும்ன்றீங்க. அன்னிக்கு ஏறாதுன்னீங்க. நான் மேஸ்திரிகிட்ட தெனமும் வரேன்னு ஒத்துக்கினேன். ஊட்ல வேற யாரு கீறாங்க கொயந்தைய பாத்துக்க? போங்க டீச்சர், பேஜார் பண்ணாதீங்க." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாரத்தைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டாள்.

ஞானஜோதிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த முகத்தைக் கன்னியம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் முகம் அப்படிப் போனால் கணக்கு தப்பு என்றுதான் அவளுக்குத் தெரியும்.

"தப்பா டீச்சர்? அழிச்சிடறேன்."

"வேணாம்மா, அழிக்காதே! இரு!"

அதற்குள் உள்ளங்கையில் எச்சில் துப்பிச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். சொல் பேச்சு கேட்கிற பெண். ஒரு நிமிஷத்துக்குள் எல்லாக் கணக்கையும் அழித்துவிட்டு, கரி படிந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, குட்டுக்குத் தலையைக் குனிந்து நின்றாள்.