மடுல்சீமைக்கு வந்த துளை வண்டி

பவுலினா மண்ணுக்குள்ளிருந்து வந்தது ஒரு புதன்கிழமை. அன்றைக்குப் பதுளைச் சந்தையில் போஞ்சி கிலோ நானூறு ரூபாய், முந்திய வாரத்தைவிட ஐம்பது கூட. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் குடியிருந்த கீழ் லயத்தின்மேல் மலை இறங்கி, அவளையும் இன்னும் சில பேரையும் மூடிப் பத்து வருஷமாகியிருந்தது. தேடினார்கள், மழை விடவில்லை, நிறுத்திவிட்டார்கள். மிஞ்சியவர்களுக்கு அடுத்த சரிவில் புது வீடு கட்டிக் கொடுத்தார்கள். நல்ல வீடுதான், தண்ணீர் மட்டும் வராது. பவுலினாவின் புருஷன் சிங்கராயருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவளை வெளியே எடுத்துக் கோயில் கல்லறைத் தோட்டத்தில் படுக்க வைக்க வேண்டும், மற்றவர்களைப் போல வருஷத்துக்கு ஒரு தரம் மெழுகுதிரி கொளுத்த வேண்டும். அதற்கு ஓர் எலும்பாவது வேண்டாமா? தோண்டித் தரும்படி அதிகாரிகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். கேட்கப்பட்டவர்கள் அவருக்கு முன்பே அலுத்துப்போயிருந்தார்கள்.

பிரஷர் மருந்துக்குப் பதுளை ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம், பஸ் எடுக்கும்வரை பஜாரில் காமில் முதலாளியின் பழைய புத்தகக் கடையில் உட்காருவது அவர் வழக்கம். முதலாளியின் மனைவி ஸித்தி ஸுபைதா அங்கே பழைய தாள்களைக் கிழித்துக் கச்சான் கடலை வியாபாரிகளுக்குப் பை ஒட்டிக்கொண்டிருப்பார். ஒரு நாள் அவர் கையில் இருந்த தாளைப் பார்த்ததும் சிங்கராயர் எழுந்து நின்றுவிட்டார். மூக்கில் திருகாணி வைத்த ஒரு வண்டி பூமியைத் துளைத்துக்கொண்டு போகிறது, கண்ணாடிக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு கேப்டன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் சீமையில் அச்சான வாராந்தரப் படக்கதை அது. யாரோ ஒரு துரையின் பங்களாவை ஹோட்டலாக்கியபோது கட்டுக்கட்டாக வெளியே வந்து நிறைக்கு விலைபோனது. சந்திரனுக்குப் போகிற ராக்கெட், பச்சைத் தோல் ஆட்கள், கோபக்கார இரும்பு மனிதர்கள் எல்லாம் அதற்குள் இருந்தார்கள். சிங்கராயரின் தாய் அந்தக் காலத்தில் பங்களா ஆயா. துரைப் பிள்ளைகள் வீசிய புத்தகங்களைச் சின்ன வயதில் குசினி வாசலில் வைத்துப் படம் பார்த்தவர் சிங்கராயர். இங்கிலீசு தெரியாது, ஆனால் அந்த வண்டியைத் தெரியும். எழுபதைத் தாண்டிய மனிதன் ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு கடை நடுவில் அழுதால் பார்க்க நன்றாகவா இருக்கும்? அழுதார்.

அதிலிருந்து வாராவாரம் வந்தார். மிஞ்சிய இதழ்களைக் காமில் வரிசைப்படுத்தி, யாவாரம் இல்லாத நேரத்தில் தமிழில் வாசித்துச் சொன்னார். வாசிக்க வாசிக்க வண்டி நகர்ந்தது, கதையில் மட்டுமல்ல. பஜார்த் தேத்தண்ணிக் கடைகளில் பிளேன்டிக் கிளாஸ்கள் நடுங்கின. ஹாலிஎலைப் பக்கம் ஒரு கிணற்றில் எஞ்சின் எண்ணெய் மிதந்தது. ரோட்டு வேலை என்று சனம் நினைத்துக்கொண்டது. நோன்புப் பெருநாளுக்கு முந்திய நாள், கடை நிறையச் சனம் நிற்கும்போது கதை அறுந்தது. கடைசி இதழ்களெல்லாம் பையாகிக் கச்சானோடு எப்போதோ போய்விட்டிருந்தன. வண்டி எங்கே வெளியே வருகிறது என்று சிங்கராயர் கேட்டார். தெரியாது என்றார் காமில். திரும்பவும் கேட்டார். பசியோடும் சனத்தோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. கையில் அகப்பட்ட ஓர் இதழை விரித்து வாசிப்பது போலச் சொன்னார்.

"மடுல்சீமையில ஏறுது. அங்க மண்ணுக்குள்ள பவுலினான்னு ஒரு பொம்புள இருக்கா. அவளையும் ஏத்திக்கிட்டு வருது."

சிங்கராயர் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார். நோன்பும் அதுவுமாகப் பொய் சொல்லிப் பாவப்பட்ட மனிதனை ஏமாற்றினீர்களே என்று கேட்ட ஸித்தி ஸுபைதா, அதற்குப் பிறகு புருஷனோடு பேசவில்லை. பெருநாள் வட்டிலப்பத்தைக் காமில் தனியாகத்தான் சாப்பிட்டார்.

அடுத்து வந்த புதன்கிழமை காலையில், சிங்கராயர் வீட்டுப் பின்புறத்து முட்டைக்கோவாப் பாத்தியைக் கிளப்பிக்கொண்டு வண்டி மேலே வந்தது. கறுப்பையும் சிவப்பையும் தவிர அதற்கு வேறு நிறமில்லை, அச்சு மை மணத்தது. முதலில் கேப்டன் இறங்கினார். அவர் வாய் திறந்தபோது சத்தம் வரவில்லை, தலைக்கு மேலே வெள்ளைக் குமிழி ஒன்று உண்டாகி அதற்குள் இங்கிலீசு நின்றது. கொழும்பில் ஹோட்டல் வேலை பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக் கிருபாகரன் வாசித்துச் சொன்னான், அதிக நேரம் நிற்க முடியாதாம். பிறகு பவுலினா இறங்கினாள். மண்ணுக்குள் போன வயதிலேயே இருந்தாள், கொழுந்து பறிக்க இடுப்பில் கட்டிய படங்கில் ஈரம் காயவில்லை. சிங்கராயருக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. சனம் சுற்றி நின்றதால் பிளேன்டி ஊற்றிக் கொடுத்தார், பாதிச் சீனி தரையில் கொட்டியது. மகள் கிருஷாந்தி எங்கே என்று கேட்டாள். பதுளையில் துணிக்கடையில் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள் என்றார். இனிப் போகாதே, இங்கேயே இருந்துவிடு என்று எல்லோர் முன்னாலும் கெஞ்சினார். பவுலினா சுவர் வெடிப்பைப் பார்த்தாள், பிறகு கூரைக்கு மேலே பார்த்தாள்.

"இதுக்கு மேலயும் மல இருக்குங்களே."

இருக்கத்தான் செய்தது. இத்தனை வருஷத்தில் ஒருவரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நீங்க வாங்க," என்றாள். "கீழ மேடு இல்ல, முட்டி வலிக்கல. மேல வந்து விழவும் ஒண்ணும் இல்ல."

சிங்கராயர் வெகு நேரம் யோசிக்கவில்லை, யோசிக்கிற அளவுக்கு உடம்பில் தெம்பில்லை. மருந்துப் பையை எடுத்துக்கொண்டார். கதவைச் சாத்திச் சாவியைக் கிருபாகரனிடம் கொடுத்து, மகளை மழைக்கு இந்தப் பக்கம் வரவேண்டாமென்று சொல், நீங்களும் இருக்காதீர்கள் என்றார். வண்டி இறங்கியது. கிருபாகரன் மண்வெட்டியால் பாத்தியை நிரவிவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்த கிருஷாந்திக்குக் கோபம்தான் முதலில் வந்தது, தன்னைப் பார்க்காமல் அம்மா போய்விட்டாளே என்று. அந்த வருஷக் கடைசி மழையில் அடுத்த மலையும் இறங்கியது. சிங்கராயர் சொன்னதைக் கேட்டுச் சனம் முதல் நாளே கோயிலுக்குப் போய்விட்டதால் வீடுகள்தான் போயின. ஆனால் கிராம சேவகரின் கணக்கில் சிங்கராயர் குறைந்தார். தோண்டுவதற்குப் பெக்கோ இயந்திரம் வந்தது. கிருஷாந்தி சேற்றில் கால் புதையப் புதைய நடந்துபோய் அதன் முன்னால் நின்றாள்.

"தோண்ட வேணாங்கண்ணே. அப்பா அம்மாகூட இருக்காங்க."

டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தார், மண்ணைப் பார்த்தார். ஊவாவில் எத்தனையோ இடங்களில் தோண்டியவர் அவர். எஞ்சினை நிறுத்திவிட்டு, பிளேன்டி கிடைக்குமா என்று கேட்டார்.