சிவப்புக்குள் ஓர் ஊர்

வெண்டலின் வகுப்பு எப்போதும் அமெரிக்க வரைபடத்தில்தான் தொடங்கும். ஒஹாயோவில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச்செல்ல உரிமம் வேண்டுவோருக்கு அவர் தன் வீட்டின் கீழறையில் பாடம் நடத்தினார். நம் உரிமத்தை ஏற்கும் மாநிலத்துக்குப் பச்சை, ஏற்காததற்குச் சிவப்பு. ஆரம்பத்தில் பச்சை அரிதாகத்தான் இருந்தது. பிறகு அரசுகள் ஒன்றோடொன்று கையெழுத்துப் போட்டுக்கொள்ள, வரைபடம் மெல்லத் துளிர்த்தது. ஒரு மாநிலம் பச்சையாகும்போதெல்லாம் கேக் வெட்டி, நாட்டுக்கே அன்றுதான் விடுதலை கிடைத்ததுபோல முழங்குவார். பக்கத்துப் பென்சில்வேனியா பச்சையானபோது கண்கலங்கவும் செய்தார். கேக் சுட்ட மனைவி லொரெட்டா அப்போது மேலே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

நியூயார்க் மட்டும் யாரையும் ஏற்கவில்லை. அதன்மீது சிவப்புப் பென்சிலை வருடாவருடம் அழுத்தித் தேய்ப்பார்.

"எல்லையத் தாண்டினா எம் பொண்டாட்டி எனக்குப் பொண்டாட்டி இல்லன்னு ஆயிடுமாய்யா? உரிமம் மட்டும் ஏன் செல்லாது?"

வகுப்பு சிரிக்கும். அடுத்தது பாடம்: "போலீஸ் நிறுத்தினா, அவன் கேக்குறதுக்கு முந்தி நீயே சொல்லிடு. அதான் மரியாதை." ஒஹாயோவில் அன்று சட்டமும் அதுதான்.

மார்ச் மாதம் லொரெட்டாவின் அம்மாவுக்கு மூச்சுத் திணறியது. எரி நகரில் தம்பி வீட்டில் இருந்தாள். அது பென்சில்வேனியா, பச்சை. லொரெட்டா காரை எடுத்தாள். பாதி வழியில் தம்பியின் போன்: அம்மாவை நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகர ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள்.

வெண்டலை அழைத்தாள்.

"யோசிக்காத, அடிச்சுப் புடிச்சுப் போ புள்ள. அம்மாவப் பாரு."

அவள் கைப்பையில் துப்பாக்கி இருந்தது இருவருக்கும் நினைவில்லை. மூக்குக்கண்ணாடி மாதிரி, தினமும் அதில் கிடப்பது.

எல்லை தாண்டியதும், வேகத்துக்காக ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். கற்றுக்கொண்டபடி இரண்டு கைகளையும் ஸ்டியரிங்மேல் வைத்தாள்.

"சார், முன்னாடியே சொல்லிடறேன். பையில துப்பாக்கி இருக்கு. உரிமமும் இருக்கு."

"எந்த ஊரு உரிமம்?"

"ஒஹாயோ."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "நான் கேக்கவே இல்லையேம்மா. அபராதச் சீட்டு கிழிச்சுக் குடுத்து அனுப்பியிருப்பேனே."

கம்பிக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தபோது அம்மா இறந்தாள். "அம்மா கதவு பக்கமாவே பாத்துட்டு இருந்தா, அக்கா," என்றான் தம்பி, பிறகு.

வழக்கு இன்னும் முடியவில்லை. வசந்தகால வகுப்பு மட்டும் வழக்கம்போலத் தொடங்கியது. வெண்டல் வரைபடத்தை விரித்தார். "எல்லையத் தாண்டினா எம் பொண்டாட்டி..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். பழைய மாணவன் ஒருவன் மட்டும் முன்கூட்டியே சிரித்துவைத்தான்.

காபியோடு இறங்கிவந்த லொரெட்டா தட்டை வைத்துவிட்டு வரைபடத்தின் அருகே குனிந்தாள். சிவப்பின்மேல் அவள் விரல் எதையோ தேடி நகர்ந்தது.

"இதுல பஃபலோ எங்க இருக்கு, வெண்டல்?"

அவர் ரப்பரை எடுத்துத் தேய்த்தார். இன்னும் அழுத்தித் தேய்த்தார். ஊர்ப்பெயர் வரவில்லை, தாள்தான் திரிதிரியாகப் பிரிந்து வந்தது. அவள் விரலை எடுக்காமல் காத்திருந்தாள்.