வேனில் இறங்கிய கணவாய்

சைக்கிள் குழுவில் அவருக்கு 'ரூட்டு' என்றுதான் பெயர். எந்த மலையில் ஏறி எந்த மலையில் இறங்குவது, எங்கே தண்ணீர் பிடிப்பது, எல்லாமே அவர் கணினியில் கோடு போட்டுத் தருவதுதான். ரூட்டு சொன்னால் மறுபேச்சு கிடையாது. அந்த மரியாதை ஆளைக் கொஞ்சம் கெடுத்தும் வைத்திருந்தது.

இந்த வருஷம் அவர் போட்டது மேகம் உரசுகிற ஒரு கணவாய்ப் பாதை. குழுவிலேயே மெதுவாக மிதிப்பவர் ஒரு பல் டாக்டர் அம்மாள். பாதையை அறிவித்த கூட்டம் கலைந்ததும் அவர் ரூட்டிடம் தனியாக வந்து கேட்டார்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. அந்தக் கடைசி ஏத்தம் என்னால முடியுமா? முடியாதுன்னா இப்பவே விலகிக்கிறேன். நடுவுல இறங்கித் தள்ளிக்கிட்டு நின்னா மானமே போயிடும்."

"தாராளமா முடியும் டாக்டர். சராசரியா ஆறு சதவீத ஏத்தம்தான், நூறு மீட்டர் போனா ஆறு மீட்டர் உசரம். நானே மிதிச்சுப் பார்த்துட்டேன்."

மிதித்ததாவது மண்ணாவது. அக்கா வீட்டுக்குப் போய்விட்டு வேனில் திரும்பும்போது, அதே பாதையில் மேலிருந்து கீழே இறங்கி வந்தவர் அவர். ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டபடி வந்தவருக்கு ஏற்றத்தின் அருமை எப்படித் தெரியும்? அந்தச் சராசரியும் ஆளை ஏமாற்றுகிற சராசரி. பாதி வழியில் ஏரிக்கரையோரமாகச் சாலை சமமாகப் போகிறது. அதையும் சேர்த்து வகுத்ததால்தான் ஆறு. ஏரியைத் தாண்டியதும் சாலை சுவர் மாதிரி நிமிர்ந்துவிடும்.

பயண நாளன்று ரூட்டு முழங்கால் வலி என்று சொல்லிவிட்டு, சாமான் வேனை ஓட்டிக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் வந்தார். ஏரிக்கு மேலே ஒரு வளைவில் டாக்டர் சைக்கிளைப் பாறையில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் மடியில் கிடந்தது. அழுதிருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. நம்பிச் சொன்னீங்க, உங்க பேரைக் கெடுத்துட்டேன். இந்தச் சின்ன ஏத்தத்துக்கே கால் நடுங்குதுன்னா எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது. வீட்டுக்குப் போனதும் சைக்கிளை யாருக்காவது கொடுத்துடறேன்."

ரூட்டு கூனிக் குறுகிப் போனார். தண்ணீர் பாட்டிலை நீட்டினார். 'பரவாயில்ல, வேன்ல ஏறுங்க' என்றால் விஷயம் இதோடு அமுங்கிவிடும். வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் செய்யாத தப்புக்கு ஒருத்தர் தன்னிடமே வந்து மன்னிப்புக் கேட்டது அவரை என்னவோ செய்தது. தன்னைப் பற்றி இவ்வளவு கேவலமாக ரூட்டுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"டாக்டர், நான் இதுல மிதிச்சதே இல்ல. வேன்ல இறங்கி வந்தேன், அவ்வளவுதான். இது சின்ன ஏத்தமும் இல்ல. முழங்கால் வலின்னு சொன்னதும் பொய்."

டாக்டர் பாட்டிலை மூடினார். திட்டியிருந்தாலாவது ரூட்டுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்போ என் கால் நல்லாத்தான் இருக்கு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு டாக்டர் எழுந்து ஹெல்மெட்டை மாட்டினார்.

"மறுபடியும் ஏறப் போறீங்களா?"

"முடிஞ்ச வரைக்கும் மிதிக்கிறேன். முடியாத இடத்துல தள்ளுறேன். இனிமே தள்ளுறதுல எனக்கு வெக்கம் இல்ல." டாக்டர் சைக்கிளை நிமிர்த்திப் பிடித்தார். "நீங்க முன்னால போங்கண்ணே. இப்படி ஒரு பாதை போட்டுக் கொடுத்ததுக்கு மேல எல்லாரும் உங்களுக்குக் கைதட்டக் காத்துக்கிட்டிருக்காங்க. அவங்க தட்டுறதுக்கு முன்னாடியே, வேன்ல இறங்கி வந்த கதையைச் சொல்லிடுங்க."